புரொப்பெல்லர் இடித்த பிறகு என்ஜினை ஏன் பிரிக்க வேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

சிறு விமானங்களின் பராமரிப்பு குறித்து இம்முறை வந்த கடிதங்களில், புரொப்பெல்லர் தரையிலோ வேறு பொருளிலோ இடித்த பின் என்ஜினை என்ன செய்வது என்று கேட்டவையே மிகுதி. ஒன்றோடொன்று தொடர்புடைய ஐந்து கடிதங்களுக்கு இங்கே பதில் அளிக்கிறோம். கடிதம் எழுதியவர்களின் பெயர்கள் அவர்கள் விருப்பப்படி தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: வட மாநிலம் ஒன்றில் விமானி உரிமத்துக்குப் பயிற்சி பெற்று வருகிறேன். எங்கள் பள்ளியின் செஸ்னா 172எஸ் விமானம் ஒன்று தரையிறங்கும்போது இருமுறை குதித்தது. மூன்றாம் முறை முன்சக்கரம் முதலில் பட்டு, புரொப்பெல்லர் நுனி ஓடுபாதையில் உரசிவிட்டது. என்ஜின் நிற்கவில்லை, ஓட்டிய மாணவர் விமானத்தை நிறுத்துமிடம் வரை தாமே கொண்டுவந்தார். பிளேடுகளின் நுனி ஓர் அங்குல அளவுக்குத்தான் சுருண்டிருந்தது. இருந்தும் என்ஜினைக் கழற்றிப் பணிமனைக்கு அனுப்பிவிட்டார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த என்ஜினைப் பிரிப்பது வீண் செலவு, புரொப்பெல்லரை மாற்றினால் போதும் என்று மாணவர்கள் பேசிக்கொள்கிறார்கள். எது சரி?
– பயிற்சி மாணவர், சொந்த ஊர் திருநெல்வேலி

பதில்: பள்ளி செய்ததுதான் சரி. இடித்த பிறகும் என்ஜின் சீராக ஓடியது என்பது, அந்த நிமிடத்தில் எரிபொருளும் தீப்பொறியும் தடையின்றிக் கிடைத்தன என்பதை மட்டுமே காட்டும். உள்ளே எந்த உலோகத்தில் விரிசல் விழுந்தது, எந்த முளை நசுங்கியது என்பவற்றைப் பற்றி அந்த ஓட்டம் எதையும் சொல்லாது.

முதலில் மோதலின் அளவை எண்ணிப் பாருங்கள். 172எஸ் விமானத்தின் புரொப்பெல்லர் 76 அங்குல விட்டம் கொண்டது. அதாவது ஏறத்தாழ 1.93 மீட்டர். நிமிடத்துக்கு 2700 சுற்றில் அதன் நுனி விநாடிக்கு 270 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. தரையிறங்கும் தறுவாயில் என்ஜினைக் குறைத்து 1000 சுற்றில் வைத்திருந்தாலும்கூட நுனியின் வேகம் விநாடிக்கு 100 மீட்டர். மணிக்கு 360 கிலோமீட்டர். அந்த வேகத்தில் செல்லும் அலுமினிய நுனி தார் மீதோ கான்கிரீட் மீதோ பட்டால், அது சுருள்வதற்குச் செலவான ஆற்றல் போக மீதி முழுவதும், பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்ட் வழியாக என்ஜினுக்குள்தான் போயாக வேண்டும். செஸ்னாவின் லைகமிங் என்ஜினில் புரொப்பெல்லருக்கும் கிராங்க்ஷாஃப்ட்டுக்கும் இடையில் கியர் பெட்டியோ கிளட்சோ இல்லை. புரொப்பெல்லர் கிராங்க்ஷாஃப்ட்டின் முன்முனையிலுள்ள ஃபிளாஞ்ச் என்ற வட்டத் தட்டில் நேரடியாகப் போல்ட்டு போட்டுப் பூட்டப்பட்டிருக்கிறது. ஆகவே அதிர்ச்சியைத் தாங்கி மென்மைப்படுத்த நடுவில் எதுவும் இல்லை.

அந்த அதிர்ச்சி இருவகையாக உள்ளே செல்கிறது. நுனியில் விழும் அடி ஃபிளாஞ்சை ஒரு பக்கமாக வளைக்கப் பார்ப்பது ஒன்று. இதன் சுமை முன்பக்க பேரிங், ஆயில் சீல், என்ஜினின் வெளிக்கூடான கிராங்க்கேஸின் முன்பகுதி ஆகியவற்றின் மீது விழுகிறது. சுழற்சி திடீரென்று தடைப்படுவதால் கிராங்க்ஷாஃப்ட் முறுக்கப்படுவது மற்றொன்று. ஓடும் பேருந்தில் சடாரென்று பிரேக் போட்டால் நின்றிருப்பவர்கள் முன்னே சாய்வதைப் போல, முன்முனை தடைப்படும்போது பின்முனையில் மாட்டப்பட்டுள்ள கியர்களும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டும், தீப்பொறிக்கான மின்சாரத்தை உண்டாக்கும் மேக்னெட்டோக்களும் தம் வேகத்தில் தொடர்ந்து சுழலவே முயல்கின்றன. அந்த இழுபறி முழுவதையும் தாங்குவது கிராங்க்ஷாஃப்ட்டின் பின்முனையில் இருக்கும் ஒரு கியரும், அதை இடம் பிசகாமல் பிடித்திருக்கும் டவல் பின் என்ற ஒரு சிறு முளையும், ஒற்றைப் போல்ட்டும்தான். அந்தப் பின்முனையைப் பற்றி அடுத்த கடிதத்துக்கான பதிலில் விரிவாகச் சொல்கிறோம்.

கிராங்க்ஷாஃப்ட் தரமான எஃகால் ஆனது; அதன் மேற்பரப்பு நைட்ரைடிங் முறையில் கடினமாக்கப்பட்டிருக்கிறது. அடி விழும்போது அது சற்று வளைந்து, அடுத்த கணமே பழைய நிலைக்குத் திரும்பிவிடக்கூடும். பிறகு, நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் ஃபிளாஞ்ச் நேராகவே சுற்றும். ஆனால் கடினமான அந்த மெல்லிய மேலடுக்கு வளைவைப் பொறுக்காமல், கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசலை ஏற்றிருக்கலாம். நான்கு சிலிண்டர் என்ஜின் 2400 சுற்றில் ஓடும்போது நிமிடத்துக்கு 4800 முறை எரியூட்டத்தின் உதை கிராங்க்ஷாஃப்ட்டின் மீது விழுகிறது. ஒரு மணி நேரத்தில் 2,88,000 முறை. ஒவ்வோர் உதையிலும் விரிசல் நுண்ணளவு நீள்கிறது. உலோகச் சோர்வு என்பது இதுதான். இடித்த அன்று ஒன்றும் ஆகாமல், பல மாதங்களுக்குப் பின், அந்தச் சம்பவத்தையே அறியாத வேறொரு மாணவர் தனியாகப் பறக்கும்போது கிராங்க்ஷாஃப்ட் முறிவதற்கு இந்தத் தாமதமே காரணம். எங்களை மிகவும் கவலைப்படுத்துவதும் இதுவே: பிரித்துப் பார்க்காமல் விட்டவர் வேறு, அதற்கான விலையைக் கொடுப்பவர் வேறு.

தங்கள் கடிதத்தில் ஒரு செய்தியைக் குறித்து எச்சரிக்க வேண்டியிருக்கிறது. புரொப்பெல்லர் தரையில் பட்டதாகச் சிறு ஐயம் எழுந்தாலும் விமானத்தை நிறுத்துமிடம் வரை ஓட்டி வரக் கூடாது. ஓடுபாதையை விட்டு விலகியதும் எரிபொருள் கலவையைக் கட்டுப்படுத்தும் மிக்ஸ்சரை இழுத்து என்ஜினை நிறுத்தி, மேக்னெட்டோ சுவிட்சையும் எரிபொருள் வால்வையும் அடைத்துவிட்டு, கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குத் தெரிவித்து, இழுத்துச் செல்ல ஆள் கேட்பதே முறை. புரொப்பெல்லரைக் கையால் சுற்றிப் பார்க்கவும் வேண்டாம்; மோதலில் மேக்னெட்டோவின் எர்த் கம்பி அறுந்திருந்தால், சுவிட்ச் அடைத்திருந்தாலும் என்ஜின் பற்றிக்கொள்ளும். ஓடுபாதையில் விழுந்த வெட்டுத் தடங்களைப் புகைப்படம் எடுத்து, இடைவெளியை அளந்து வைப்பது பின்னர் மிகவும் உதவும். இரண்டு பிளேடு கொண்ட புரொப்பெல்லர் 1200 சுற்றில் இருந்தால் விநாடிக்கு 40 முறை தரையை வெட்டும். தடங்கள் அரை மீட்டர் இடைவெளியில் இருந்தால் விமானம் அப்போது விநாடிக்கு 20 மீட்டர், அதாவது ஏறத்தாழ 39 நாட் வேகத்தில் சென்றிருக்கிறது. மோதலின் கடுமையை மதிப்பிடுவதற்கு இது யாருடைய நினைவையும்விட நம்பகமானது.

கேள்வி: விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமத்துக்காகப் படித்து வருகிறேன். புரொப்பெல்லர் மோதலுக்குப் பிறகு லைகமிங் என்ஜினில் கட்டாயமாகச் செய்ய வேண்டியது கிராங்க் கியர் பரிசோதனை மட்டுமே என்று ஓர் ஆசிரியரும், முழு என்ஜினையும் பிரிக்க வேண்டும் என்று மற்றொருவரும் சொல்கிறார்கள். பரிசோதனையில் உண்மையில் என்னென்ன செய்கிறார்கள் என்பதையும் விளக்க வேண்டுகிறேன்.
– மாணவி, தாம்பரம்

பதில்: இரண்டு ஆசிரியர்களும் வெவ்வேறு ஆவணங்களை மனத்தில் வைத்துப் பேசியிருக்கிறார்கள். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. 1991இல் ஒரு பறப்புத் தகுதி ஆணையை, அதாவது விமானம் பறக்கக் கட்டாயமாகச் செய்ய வேண்டியதைச் சொல்லும் உத்தரவை, பிறப்பித்தது. அதற்குப் பதிலாக 2004இல் வந்த 2004-10-14 என்ற ஆணை இன்றும் நடப்பில் உள்ளது. சில மாதிரிகள் நீங்கலாக, நேரடியாகப் புரொப்பெல்லரைச் சுழற்றும் லைகமிங் பிஸ்டன் என்ஜின்கள் அனைத்துக்கும் அது பொருந்தும். மோதலுக்குப் பிறகு அடுத்த பறத்தலுக்கு முன் கிராங்க்ஷாஃப்ட்டின் பின்முனையையும் அதன் கியரையும் பரிசோதிக்க வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. பரிசோதனை முறை லைகமிங்கின் 475ஆம் எண் சர்வீஸ் புல்லட்டின் என்ற பராமரிப்பு அறிவிப்பில் இருக்கிறது. லைகமிங்கின் மற்றொரு புல்லட்டினான 533, இதைவிட விரிவாகப் பேசுகிறது: என்ஜினை விமானத்திலிருந்து இறக்கி, முழுவதும் பிரித்து, சுழலும் பாகங்கள், மேலும் கீழும் இயங்கும் பாகங்கள் அனைத்தையும் சோதிப்பதே பாதுகாப்பான வழி என்பது அதன் நிலைப்பாடு. அப்படிச் செய்யாமல் விமானத்தைப் பறக்க விடுவதாக இருந்தால், அந்தப் பொறுப்பு பறக்க அனுமதித்துக் கையெழுத்திடுபவரையே சாரும் என்றும் அந்தப் புல்லட்டினின் பழைய பதிப்பு வெளிப்படையாகச் சொல்லியிருந்தது.

ஆக, சட்டம் கேட்கும் குறைந்த அளவு ஒன்று. என்ஜினைச் செய்தவர் கேட்பது அதைவிடப் பெரிது. நம் நாட்டில் வடிவமைப்பு நாட்டின் பறப்புத் தகுதி ஆணைகள் கட்டாயமானவை. அதற்கு மேல், பயிற்சிப் பள்ளியின் பராமரிப்புத் திட்டத்தில் உற்பத்தியாளரின் புல்லட்டின் சேர்க்கப்பட்டிருந்தால் அதையும் விட முடியாது. எங்கள் கருத்தைக் கேட்டால், குறைந்த அளவோடு நிறுத்திக்கொள்வதை நாங்கள் ஏற்கவில்லை. அந்த ஆணை எழுதப்பட்டது பின்முனைக் கியரின் பலவீனம் ஒன்றைத் தீர்ப்பதற்காக. முன் பேரிங்கையும், பிஸ்டனைக் கிராங்க்ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளையும் பற்றி அது பேசவில்லை என்பதால் அவை நன்றாக இருக்கின்றன என்று பொருளாகாது.

பின்முனைக் கியரை முதலில் பார்ப்போம். கிராங்க்ஷாஃப்ட்டின் பின்முனையில் வட்டமாகக் குடைந்த ஒரு பள்ளம் இருக்கும். கியரின் நடுப்பகுதி அதற்குள் கச்சிதமாக அமர்கிறது. கியர் சுற்றாமல் இடத்தைக் காப்பது ஒரு டவல் பின். கழன்று வராமல் பிடிப்பது நடுவிலுள்ள ஒற்றைப் போல்ட்டு. பெரும்பாலான மாதிரிகளில் இந்தப் போல்ட்டின் விட்டம் 5/16 அங்குலம், அதாவது 8 மில்லிமீட்டர்தான். இதற்கு அடியில் ஒரு பூட்டுத் தகடு வைத்து அதன் விளிம்பை மடக்கிவிடுவார்கள். கேம்ஷாஃப்ட், இரண்டு மேக்னெட்டோக்கள், ஆயில் பம்ப் ஆகிய எல்லாவற்றுக்கும் ஓட்டம் இந்த ஒரு கியரிலிருந்துதான் செல்கிறது. டவல் பின் அறுந்தாலோ போல்ட்டு உடைந்தாலோ, வால்வுகளின் நேரம் பிசகி, தீப்பொறியும் நின்று, அந்தக் கணமே என்ஜின் ஓய்ந்துவிடும். விமான என்ஜினில் எல்லாவற்றையும் இரண்டாக வைத்திருக்கிறோம் என்று மாணவர்கள் நம்பிக்கையோடு எழுதுவதுண்டு. இரண்டு மேக்னெட்டோக்களும் ஒரே கியரை நம்பியிருக்கின்றன என்பதை அவர்கள் கட்டாயம் அறிய வேண்டும்.

பரிசோதிப்பவர் என்ஜினின் பின்பக்க மூடியான அக்சஸரி ஹவுசிங்கைக் கழற்றி, கியரை எடுத்து, பள்ளத்தின் விளிம்பில் தேய்மானமோ ஒட்டிக் கிழிந்த தடமோ உள்ளதா, டவல் பின் நேராகவும் இறுக்கமாகவும் நிற்கிறதா, போல்ட்டுத் துளையின் மரைகள் நசுங்காமல் உள்ளனவா, கியரின் பற்களிலும் டவல் துளையிலும் விரிசல் உண்டா என்று பார்க்கிறார். கியரும் கிராங்க்ஷாஃப்ட்டும் தொட்ட முகத்தில் துரு நிறத்தில் மெல்லிய பொடி படிந்திருந்தால் அவை இரண்டும் ஒன்றின்மீது ஒன்று நுண்ணளவில் அசைந்து உரசியிருக்கின்றன என்று பொருள். அந்தப் பொடியைத் துடைத்துவிட்டுப் பூட்டக் கூடாது. அதுவே முக்கியமான தடயம். திரும்பப் பூட்டும்போது போல்ட்டும் பூட்டுத் தகடும் புதியவையாக இருக்க வேண்டும்.

முழுப் பிரிப்பில் வேலை இன்னும் விரிகிறது. என்ஜினை இறக்குவதற்கு முன்பே ஃபிளாஞ்சில் டயல் கேஜ் வைத்து, கிராங்க்ஷாஃப்ட்டை மெல்லச் சுற்றி, முள் எத்தனை ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் ஆடுகிறது என்று குறித்துக்கொள்வார்கள். வரம்பைத் தாண்டினால் முடிவு அங்கேயே தெரிந்துவிடும்; தாண்டாவிட்டால், ஏற்கெனவே சொன்னபடி, அதை நல்ல சான்றிதழாக எடுத்துக்கொள்ள முடியாது. பிறகு கிராங்க்கேஸ் பிரிக்கப்பட்டு, எஃகுப் பாகங்கள் எண்ணெய் போகக் கழுவப்பட்டு, காந்தத் துகள் சோதனைக்குச் செல்கின்றன.

இந்தச் சோதனையை ஒருமுறையேனும் அருகில் நின்று பாருங்கள் என்று ஒவ்வொரு மாணவருக்கும் சொல்வோம். கிராங்க்ஷாஃப்ட்டை இரண்டு முனைகளுக்கு இடையில் பிடித்து, அதன் வழியாக மின்சாரத்தைச் செலுத்தும்போது வட்டவடிவில் காந்தப்புலம் உண்டாகி, நீளவாக்கில் ஓடும் விரிசல்கள் வெளிப்படும். பிறகு அதைச் சுருளுக்குள் வைத்து நீளவாக்கில் காந்தமாக்கும்போது குறுக்கே ஓடும் விரிசல்கள் தெரியும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்துவிட்டு முடிப்பது பாதிச் சோதனைதான். ஒளிரும் இரும்புத் துகள்கள் கலந்த திரவத்தை மேலே ஊற்றி, அறையை இருட்டாக்கிப் புற ஊதா விளக்கைப் பிடித்தால், உலோகம் கருநீலமாக இருக்க, விரிசல் உள்ள இடத்தில் மட்டும் துகள்கள் கூடிப் பச்சை மஞ்சள் நிறத்தில் இழைபோல ஒளிரும். பேரிங்கில் சுழலும் பகுதிகளான ஜர்னல்கள், அவற்றை இணைக்கும் கன்னங்களோடு சேரும் மூலை வளைவுகளையும், ஃபிளாஞ்சின் அடிப்பகுதியையும், ஆயில் துளைகளின் வாயையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். சோதனை முடிந்ததும் காந்தத்தை முழுவதும் நீக்கி, ஆயில் வழிகளில் ஒரு துகள்கூட எஞ்சாமல் கழுவுவதும் இதே வேலையின் பகுதிதான். அங்கே விட்டுவைத்த துகள் புதிய பேரிங்கைத் தின்றுவிடும்.

அலுமினியம் காந்தத்துக்கு இணங்காது என்பதால் கிராங்க்கேஸுக்குச் சாயம் ஊடுருவும் சோதனை செய்கிறார்கள். கனெக்டிங் ராடுகள் வளைந்தோ முறுகியோ உள்ளனவா என்று அளக்கப்படும். அவற்றின் போல்ட்டுகளும் நட்டுகளும், பேரிங் ஓடுகளும் எப்படி இருந்தாலும் புதிதாக மாற்றப்படும். சில மாதிரிகளில் கிராங்க்ஷாஃப்ட்டில் ஊசலாடும் எதிர் எடைகள் இருக்கும். திடீர் நிறுத்தத்தில் அவை தம் வழித்தடத்தின் எல்லை வரை சென்று அடிப்பதால் அவற்றின் உருளைகளும் புஷ்களும் நசுங்கியிருக்கலாம். மேக்னெட்டோ, ஆல்டர்னேட்டர், வேக்குவம் பம்ப், புரொப்பெல்லரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் ஆகியவற்றுக்குத் தனித்தனியே ஆய்வு உண்டு.

என்ஜினோடு பார்வையை நிறுத்திக்கொள்ள வேண்டாம். செஸ்னா 172இன் முன்சக்கரக் கால் தீத்தடுப்புச் சுவரில்தான் பூட்டப்பட்டிருக்கிறது. முன்சக்கரம் முதலில் பட்டதால்தான் புரொப்பெல்லர் இடித்தது என்றால், அந்தச் சுவரின் கீழ்ப்பகுதியில் சுருக்கம் விழுந்திருக்கிறதா, ரிவெட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா, என்ஜின் மவுண்ட் குழாய்களின் பற்றவைப்பில் விரிசல் உண்டா என்று பார்க்காமல் எந்த ஆய்வும் நிறைவடையாது. இதற்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13ஆம் இணைப்பின்படி, சேதம் என்ஜினோடும் புரொப்பெல்லரோடும் நின்றுவிட்டால் அது ‘விபத்து’ என்ற வரையறைக்குள் வராது. ஆனால் விமானத்தின் கட்டமைப்பு பழுதடைந்து பெரிய அளவில் செப்பனிட வேண்டியிருந்தால் வரும். எந்த வகையில் வந்தாலும் இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ.வுக்குத் தெரிவிக்கும் கடமை நீங்காது.

தேர்வுக்கு உதவும் ஒரு செய்தி: பிஸ்டன் விமானத்தைப் பறக்க விடுவிக்கும் உரிமம் பி1.2 பிரிவில் வருகிறது; ஆனால் என்ஜினைப் பிரித்துக் கோக்கும் பணிமனைக்கு பராமரிப்பு நிறுவனங்களுக்கான சி.ஏ.ஆர்.-145 விதியின் கீழ் பி2 தரமும், காந்தத் துகள் போன்ற சோதனைகளைத் தனிச் சேவையாகச் செய்யும் நிறுவனத்துக்கு டி1 தரமும் வேண்டும். பெயர்கள் ஒன்றுபோல் இருப்பதால் மாணவர்கள் குழம்புவது வழக்கம்.

கேள்வி: டெக்ஸாஸில் நண்பர் ஒருவரோடு சேர்ந்து 1978ஆம் ஆண்டு செஸ்னா 172என் விமானம் வைத்திருக்கிறேன். சென்ற மாதம் ஹேங்கரின் கதவு இறங்கும்போது புரொப்பெல்லர் பிளேடு ஒன்றின் மீது அழுத்தி அதை வளைத்துவிட்டது. என்ஜின் ஓடவே இல்லை; ஒரு வாரமாக விமானத்தைத் தொடவும் இல்லை. எங்கள் என்ஜின் ஓ-320-எச்2ஏடி. இதற்கு அந்தப் பறப்புத் தகுதி ஆணை பொருந்தாது, ஆகவே புரொப்பெல்லரைச் சரிசெய்தால் போதும் என்கிறார் நண்பர். பிரித்தால் பெரும் செலவாகும் என்பதும் உண்மைதான்.
– வாசகர், ஹூஸ்டன்

பதில்: தங்கள் நண்பர் சொல்வதில் முதல் பாதி சரி. ஓ-320-எச் வரிசை அந்த ஆணையிலிருந்து விலக்கப்பட்டுள்ளது. ஆனால் விலக்கு கிடைத்தது பின்முனைக் கியர் தொடர்பான ஆணைக்கு மட்டும். லைகமிங்கின் 533ஆம் எண் புல்லட்டின் தங்கள் என்ஜினையும் உள்ளடக்கியதே.

ஓடாத என்ஜினில் மோதல் ஏது என்று கேட்கத் தோன்றும். என்ஜின் ஓடினாலும் ஓடாவிட்டாலும், பிளேட்டை அரத்தால் லேசாகத் தேய்த்துச் சரிசெய்வதற்கு மேல் புரொப்பெல்லருக்குப் பழுதுபார்ப்பு தேவைப்பட்டால், அது புரொப்பெல்லர் மோதலே என்பது வரையறை. நின்றிருக்கும் விமானத்தின் சக்கரக் கால் மடங்கி பிளேடு வளைவதும், ஹேங்கர் கதவு பிளேட்டில் இடிப்பதும் உதாரணமாகவே அங்கே குறிப்பிடப்பட்டுள்ளன. அவற்றைத் திடீர் நிறுத்தம் போலவே கருத வேண்டும் என்றும் சொல்லப்பட்டுள்ளது. காரணம் எளியது. 75 அங்குலப் புரொப்பெல்லரில் மையத்திலிருந்து நுனி வரை ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். கனமான கதவு அந்த நீளத்தின் கடைசியில் அழுத்தும்போது, தடித்த அலுமினிய பிளேடு வளையும் அளவுக்கான பக்கவாட்டுச் சுமை ஃபிளாஞ்சிலும் முன் பேரிங்கிலும் சீலிலும் விழுந்திருக்கிறது.

எனினும் தங்கள் நிலைமையும் ஓடுபாதையில் இடித்த நிலைமையும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சுழற்சியே இல்லாததால் கியர் வரிசையில் முறுக்கு அதிர்ச்சி மிகக் குறைவு, ஐயத்துக்குரியது முன்பகுதி. அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குப் பறக்கும் விமானத்துக்கு சர்வீஸ் புல்லட்டின் சட்டப்படி கட்டாயமில்லை என்பதால், முடிவு தங்கள் கையிலும் கையெழுத்திடும் மெக்கானிக்கின் கையிலும் இருக்கிறது. எங்கள் பரிந்துரை பிரித்துப் பார்ப்பதே. செலவைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள். புரொப்பெல்லர் மோதலுக்குப் பிந்தைய பிரிப்பையும் ஆய்வையும் காப்பீடு ஏற்பது அங்கே பரவலான வழக்கம். வயதால் தேய்ந்த ரிங், சிலிண்டர் போன்றவற்றின் செலவு மட்டும் உரிமையாளர் தலையில் விழும். நிறுவனத்தின் ஆய்வாளர் பார்ப்பதற்கு முன் புரொப்பெல்லரைக் கழற்றிவிடாதீர்கள். வளைந்த பிளேட்டை ஹேங்கரிலேயே தட்டி நிமிர்த்தித் தருவதாக யாரேனும் சொன்னால் மறுத்துவிடுங்கள்; எந்த இடத்தில் எத்தனை பாகை வரை நிமிர்த்தலாம் என்பதற்கு உற்பத்தியாளரின் அட்டவணை உண்டு, அந்த வேலை அங்கீகாரம் பெற்ற புரொப்பெல்லர் பணிமனைக்கே உரியது.

கேள்வி: கற்கள் தெறித்து பிளேட்டில் விழும் சிறு பள்ளங்களும் மோதலில் சேருமா? உயரமான புல்லில் புரொப்பெல்லர் பட்டால்? எங்கள் மைக்ரோலைட்டில் ரோட்டாக்ஸ் 912 என்ஜின் இருக்கிறது. அதில் கிளட்ச் இருப்பதால் என்ஜினுக்கு ஆபத்தில்லை என்கிறார்களே?
– வாசகர், பெங்களூரு

பதில்: கல் பட்ட பள்ளம் மோதலில் சேராது. அரத்தால் சீராகத் தேய்த்து, வரம்புக்குள் இருக்கிறதா என்று அளந்தால் போதும். ஆனால் தள்ளிப்போட வேண்டாம், நுனிப் பகுதியில் கூர்மையான சிறு பள்ளத்திலிருந்துதான் பிளேடு விரிசல் தொடங்குகிறது. புல், நீர் போன்ற இளகும் பொருள்களில் பட்டபோது என்ஜினின் சுற்று சட்டென்று குறைந்திருந்தால், பிளேட்டில் ஒரு கீறல்கூட இல்லாவிட்டாலும் அது மோதலே.

ரோட்டாக்ஸ் 912 வேறு வகையானது. அதில் கிராங்க்ஷாஃப்ட்டுக்கும் புரொப்பெல்லருக்கும் இடையில் 2.27 அல்லது 2.43 மடங்கு வேகத்தைக் குறைக்கும் கியர் பெட்டி இருக்கிறது. பல மாதிரிகளில் அளவு மீறிய முறுக்கு வந்தால் நழுவிக்கொடுக்கும் கிளட்சும் உண்டு. அது சுமையைக் குறைக்கும், நீக்கிவிடாது. லைகமிங்கின் கிராங்க்ஷாஃப்ட் ஒரே துண்டாக அடித்து உருவாக்கப்பட்டது; ரோட்டாக்ஸின் கிராங்க்ஷாஃப்ட் பல துண்டுகளை அழுத்திப் பொருத்தியது. கடுமையான முறுக்கில் அந்தப் பொருத்துகள் ஒன்றுக்கொன்று சற்றே திரும்பிவிடக்கூடும்; விரிசல் எதுவும் இல்லாமலேயே கிராங்க்ஷாஃப்ட் கோணலாகிவிடும். ஆகவே கியர் பெட்டியைக் கழற்றிச் சோதித்து, கிராங்க்ஷாஃப்ட்டின் அந்தப் பக்க முனை எவ்வளவு ஆடுகிறது என்று அளப்பது தவிர்க்கக் கூடாத வேலை. மரத்தாலான புரொப்பெல்லர் சிதறிப்போவதால் என்ஜினுக்கு அடி குறையும் என்பதும் பெரும்பாலும் உண்மையே. அதற்காக ஆய்விலிருந்து யாரும் விலக்குத் தருவதில்லை.

கேள்வி: பழைய பைப்பர் வாரியர் ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறேன். என்ஜின் ஓ-320-டி3ஜி, கடைசி முழுப் புதுப்பிப்புக்குப் பின் 900 மணி நேரம் ஓடியிருக்கிறது. புரொப்பெல்லர் ஒருபோதும் இடித்ததில்லை என்று விற்பவர் வாய்மொழியாகச் சொல்கிறார். எப்படி உறுதி செய்வது?
– வாசகர், மெல்பர்ன்

பதில்: லாக் புத்தகத்தைப் பொறுமையாகப் படிப்பதே முதல் வேலை. அதில் ‘மோதல்’ என்ற சொல்லைத் தேடினால் கிடைக்காமல் போகலாம். பக்கத் தடயங்களைத் தேடுங்கள். இந்த வகை என்ஜினுக்கு உற்பத்தியாளர் பரிந்துரைக்கும் புதுப்பிப்பு இடைவெளி 2000 மணி நேரம். அதற்கு இடையில் எந்தக் காரணமும் எழுதாமல் புரொப்பெல்லர் மாற்றப்பட்டிருந்தாலோ, அதன் வரிசை எண் திடீரென்று வேறாக இருந்தாலோ, அதே தேதியை ஒட்டி புரொப்பெல்லரின் நடுவிலுள்ள கூம்பு மூடியான ஸ்பின்னர், என்ஜினின் கீழ் மூடியான கவ்லிங், முன்சக்கரக் கால், என்ஜின் மவுண்ட் ஆகியவற்றில் ஏதேனும் பழுதுபார்க்கப்பட்டிருந்தாலோ, அங்கே என்ன நடந்தது என்று கேளுங்கள். சில மாதங்கள் விமானம் பறக்காமல் நின்றதும் ஒரு தடயமே. புரொப்பெல்லர் பணிமனையின் ரசீது கிடைத்தால் அதில் ‘பிளேடு நிமிர்த்தல்’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். விமானத்தின் புத்தகம் சொல்லாததை அந்த ரசீது சில நேரம் சொல்லிவிடும்.

மோதல் நடந்திருப்பது தெரியவந்தால் உடனே பின்வாங்க வேண்டியதில்லை. மோதலுக்குப் பின் முறையாகப் பிரித்துச் சோதிக்கப்பட்ட என்ஜினை, மோதலே இல்லை என்று சொல்லப்படும் ஆவணமற்ற என்ஜினைவிட நாங்கள் அதிகம் நம்புவோம். கேட்க வேண்டிய தாள்கள் இவை: 2004-10-14 ஆணையை நிறைவேற்றியதற்கான பதிவு, தேதியும் மணி நேரமும் கையெழுத்தும் உட்பட; கிராங்க்ஷாஃப்ட்டின் வரிசை எண் குறிக்கப்பட்ட காந்தத் துகள் சோதனைச் சான்றிதழ்; எந்தெந்தப் பாகங்கள் புதிதாகப் போடப்பட்டன என்ற பட்டியல். வரிசை எண் என்ஜினின் புதுப்பிப்புப் பதிவோடு பொருந்த வேண்டும்.

வாங்குவதற்கு முந்தைய ஆய்வில் தங்கள் மெக்கானிக்கிடம் ஸ்பின்னரைக் கழற்றி ஃபிளாஞ்சில் டயல் கேஜ் வைக்கச் சொல்லுங்கள்; முன் சீலில் புதிய ஆயில் கசிவு உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள்; ஆயில் ஃபில்டரை வெட்டி விரித்து உலோகத் துணுக்குகளைத் தேடச் சொல்லுங்கள். இவை எதிலும் பிழை தெரியாமல், ஆனால் தடயங்கள் மோதலைச் சுட்ட, தாள்களும் இல்லையென்றால், பின்பக்க ஹவுசிங்கைக் கழற்றிக் கியரைப் பார்க்க அனுமதி கேளுங்கள். விற்பவர் அதற்கு இணங்காவிட்டால், அந்த என்ஜினை வாங்கிய உடனே முழுவதும் பிரிக்க வேண்டிய என்ஜினாகக் கணக்கிட்டு, அதற்கான செலவை விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள்.